தேரி ஏறப் போன எஞ்சின்

முன்னொரு சமயம் ஓர் எஞ்சின் இருந்தது. 'இருந்தது' என்று சொன்னாலே அதற்குக் கோபம் வரும். அது ஓடப் பிறந்தது, இருக்கப் பிறந்ததல்ல.

ஆனால் அதற்கு வாய்த்த பிழைப்பு அப்படி. முதலில் அதை ஒரு பள்ளிக்கூட வேனில் பூட்டியிருந்தார்கள். தெருவுக்குத் தெரு நிற்கிற வேன். சூடு பிடித்து, இதோ ஓடப் போகிறோம் என்று மூச்சை இழுக்கும்போதே ஒரு பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கை காட்டும். வேன் நிற்கும். மறுபடி மூச்சை இழுக்கும், மறுபடி நிற்கும். வேன் துருப்பிடித்து உடைபட்டபோது எஞ்சினைக் கழற்றி ஒரு காயலான் கடையின் சுவரோரம் போட்டார்கள். அதன் மேல் மழை பெய்தது. வெயில் அடித்தது. பல்லி முட்டையிட்டது. ஒன்றுக்கும் அசைய முடியாமல் கிடந்த அந்தக் காலத்தில் எஞ்சின் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நிற்பதுதான் சாவு. இன்னொரு முறை ஓட வாய்த்தால் எதற்காகவும் நிற்கக் கூடாது.

அப்படி இருக்கும்போதுதான் ஜெயக்கனி வந்தாள்.

ஜெயக்கனி தேரியோரத்து ஊர்க்காரி. தேரி என்றால் செம்மணல் மேடு. ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. கட்டிக் கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள், அப்பா விட்டுப்போன கிரில் பட்டறையைத் தானே எடுத்து நடத்தினாள். ஊரில் பாதி வீட்டு ஜன்னல் கம்பியும் கேட்டும் அவள் கையால் பற்றவைத்தவை. ஒருநாள் ஒரு வீட்டுக்கு மாடிப்படி கேட் மாட்டிவிட்டுத் திரும்பும்போது அவளுக்குத் தோன்றியது: இத்தனை வருஷமாக நான் செய்ததெல்லாம் ஆளை உள்ளே வைக்கிற சாமான்தான். வெளியே கொண்டுபோகிற ஒன்றைக்கூடச் செய்யவில்லையே. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இது ஓடுமா?" என்று காயலான் கடைக்காரரிடம் கேட்டாள்.

"ஓடுறதுக்கா கேக்குதீக? நான் எடைக்கு விக்கேன்" என்றார் அவர்.

அவள் குனிந்து எஞ்சினின் கப்பியைக் கையால் பிடித்துத் திருகினாள். துருவையும் மீறி அது கால் சுற்று சுற்றிக் கொடுத்தது. எஞ்சின் தன்னிடம் இருந்த பலத்தையெல்லாம் அந்தக் கால் சுற்றில் போட்டது.

"ஓடும்" என்றாள் ஜெயக்கனி.

அவளுடைய தம்பி தேவஇரக்கம் மினிபஸ் டிரைவர். நிதானமான ஆள். பட்டறை முற்றத்தில் எஞ்சினை இறக்கி வைத்ததும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தான்.

"யக்கா, வண்டி வேணும்னா நல்ல வண்டியா ஒண்ணு பாத்து வாங்கிருவோம். இத வச்சி என்ன செய்யப் போற?"

"நானே ஒரு வண்டி கட்டப் போறேன். தேரிக்குள்ள போற மாதிரி."

"தேரிக்குள்ள என்ன இருக்கு?"

"தெரியல. அதுக்குத்தான் போறேன்."

"வீட்டுல கட்டுன வண்டிய ரோட்டுல எறக்க விடமாட்டாவ."

"ரோட்டுலயா எறக்கப் போறேன்?"

 தேவஇரக்கம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் துடைக்க உட்கார்ந்தான்.

மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வண்டியின் எலும்புக்கூட்டுக்குப் பந்தல்காரரிடமிருந்து பழைய இரும்புக் குழாய்கள் வந்தன. அவற்றுக்குள் மணலை இறுகத் திணித்து, காய்ச்சி, ஜெயக்கனி வளைத்தாள். "நான் தூக்கி நிறுத்தாத கல்யாணம் இந்த வட்டாரத்துல இல்ல" என்று குழாய் எஞ்சினிடம் சொன்னது. "எனக்குத் தெரிஞ்ச வேலை ஒரு எடத்துல நிக்கிறது. அதை நல்லாச் செய்வேன்."

"இங்கே நிக்கிற வேலை இல்லை" என்றது எஞ்சின்.

உட்கார, மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து இரண்டு நாற்காலிகள் வந்தன. அவை எப்போதும் சேர்ந்தே பேசும். எது நடந்தாலும், இது படத்தின் தொடக்கமா இடைவேளையா என்று தங்களுக்குள் விசாரித்துக்கொள்ளும். பின்பக்கத்துக்கு ஒரு பழைய ஜீப்பின் தடித்த டயர்கள் வந்தன. அவற்றில் இடப்பக்கத்து டயர்தான் எஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்டப்பட்டது.

"காத்து அடிச்சாச்சா?" என்பதுதான் அந்த டயர் பேசிய முதல் பேச்சு.

"இன்னும் இல்லை" என்றது எஞ்சின்.

"சீக்கிரம் அடிக்கச் சொல்லு. ஜீப்பு வித்துப் போகாம ஒரு வேலியோரம் கெடந்தப்ப எனக்குக் காத்து எறங்கிருச்சு. யாரும் கண்டுக்கலை. என் மேலேயே ஜீப்பு உக்காந்துருச்சு. என் வயிறும் முதுகும் ஒட்டிப்போய் எத்தனை நாள் கெடந்தேன்னு எனக்கே தெரியாது. டயருன்னா கல்லு மாதிரி இருக்கணும். தட்டினா டங்குன்னு கேக்கணும்."

தேவஇரக்கம் அந்த ஆசையை நிறைவேற்றினான். பஸ் டயருக்கு அடிக்கிற பழக்கத்தில், போதும் போதும் என்கிற அளவுக்குக் காற்றடித்து, செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தான். டங் என்றது. டயர் பெருமையில் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டது.

எஞ்சினுக்குப் பொறுக்கவில்லை. ஜெயக்கனி மாலையில் பட்டறை வேலை முடித்து வந்து, அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். மிதியை ஒரு விரலால் அமுக்கினாலே போதும், எஞ்சின் அலறும். பூட்டிய இடத்தில் கிடந்து குதிக்கும். அந்தக் குதிப்பில் போல்ட்டெல்லாம் கழன்று வரும். மறுநாள் அவள் ஸ்பேனரோடு வந்து இறுக்குவாள். அன்றைக்கும் அது குதிக்கும்.

"கொஞ்சம் பொறேன்" என்றது குழாய். "நீ ஆடுற ஆட்டத்துல எனக்குப் பத்தவச்ச எடமெல்லாம் வலிக்குது."

"பொறுத்துப் பொறுத்துத்தானே பல்லிக்கு வீடா இருந்தேன்" என்றது எஞ்சின்.

ஜெயக்கனியும் அப்படித்தான் இருந்தாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து ஒரு பற்றவைப்பைத் தட்டிப் பார்ப்பாள். கேட்டுக்கு அளவெடுக்கப் போன வீட்டில் அளவை மறந்துவிட்டு, அந்த வீட்டு மாடியிலிருந்து தேரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரார் கேட்டார்கள். இது பாரம் ஏற்றவா, பனங்காட்டுக்குப் போகவா, சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடவா என்று. அவள் எல்லாவற்றுக்கும் "பாப்போம்" என்றாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். போன பிறகு அவளுக்கே ஒரு கலக்கம் வரும். எதற்கு என்று சொல்லத் தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு பாடா? உடனே எழுந்துபோய் வேறொரு போல்ட்டை இறுக்குவாள்.

ஆடி பிறந்தது. தேரியில் காற்று கிளம்பும் மாதம் அது. மேடுகள் இடம் மாறும். காலையில் நடந்த பாதை மதியம் இருக்காது.

"காத்து அடங்கட்டும்க்கா. ஆவணில போவோம்" என்றான் தேவஇரக்கம்.

"வண்டி முடிஞ்சிட்டுல்லா?"

"முடிஞ்சிட்டு."

"பொறவு என்ன ஆவணி?"

மறுநாள் காலை, துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தேவஇரக்கம் சாமி கும்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆரம்பிச்சாச்சு" என்றது ஒரு நாற்காலி. "இன்னும் விளம்பரம்தான் ஓடுது" என்றது மற்றொன்று.

வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் தேரி. முதல் மேட்டில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. அது கெட்டித் தரை, முந்திரிக் கொல்லாமரங்கள் வேரோடி இறுக்கிப் பிடித்த மண். எஞ்சின் அலறியது. யாரும் கை காட்டவில்லை. எந்தத் தெருமுனையும் வரவில்லை. மேட்டின் மறுபக்கம் இறங்கும்போது நான்கு சக்கரமும் ஒரு நொடி தரையை விட்டுவிட்டன. ஜெயக்கனியின் தொண்டையிலிருந்து அவளுக்கே பழக்கமில்லாத ஒரு சிரிப்பு வந்தது.

"பாத்தியா" என்றது எஞ்சின் டயரிடம்.

"நான் கல்லு மாதிரி இருக்கிறதாலதான்" என்றது டயர்.

இரண்டாவது மேடும் போயிற்று. மூன்றாவது மேட்டில் மரம் இல்லை, புல் இல்லை. காற்று புதிதாகக் கொண்டுவந்து கொட்டிய மணல், சலித்த மாவு போலக் கிடந்தது. பாதி ஏறியதும் வண்டி தயங்கியது. ஜெயக்கனி மிதியை அழுத்தினாள். எஞ்சின் கொடுத்தது. இன்னும் அழுத்தினாள். இன்னும் கொடுத்தது. பின்சக்கரங்கள் பேய்பிடித்ததுபோலச் சுற்றின. சிவந்த மணல் பின்னால் வாரி இறைந்தது. வண்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கீழே போனது.

"யக்கா, நிப்பாட்டு. பொதையுது."

"இன்னும் கொஞ்சம் மிதிச்சா ஏறிரும்."

"ஏறாது. நான் ஊருக்கு நடந்துபோயி டிராக்டரக் கூட்டிட்டு வாரேன்."

"நீ போயிட்டு வரதுக்குள்ள இங்க வண்டி இருக்கும்னு நெனைக்கியா? காத்தப் பாரு."

அவன் பார்த்தான். அவர்கள் ஏறி வந்த சக்கரத் தடம் கண்ணெதிரே மங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் ஒரு பக்கம் மணல் வந்து சாய ஆரம்பித்திருந்தது. தேரி மூடிய சாமானை அடுத்த வருஷம் காட்டும், அல்லது காட்டாது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஜெயக்கனி மறுபடி மிதித்தாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகையை மிதியில் காட்டினாள்.

எஞ்சின் தன் உயிரைக் கொடுத்து ஓடியது. இதற்குத்தானே அது காத்திருந்தது. அமுக்க அமுக்க ஓடுவது, நில் என்று யாரும் சொல்லாமல் ஓடுவது.

"ஏ எஞ்சின்" என்று குழாய் கூப்பிட்டது. "என் வயிறு மண்ணுல பட்டுருச்சு."

"நான் ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"ஓடுற. போகலையே."

எஞ்சினுக்கு அது முதலில் புரியவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அது ஒருநாளும் நினைத்ததில்லை.

"நீ ஓடுற வரைக்கும் அவ மிதிப்பா" என்றது குழாய். "அவ மிதிக்கிற வரைக்கும் நாம எறங்குவோம். நீ கத்துற சத்தத்துல அவளுக்கு யோசிக்க வழியில்லை."

"நின்னா?"

"நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. ஓடினா என்ன ஆகும்னு தெரியுது."

மணல் இப்போது எஞ்சினின் அடிப்பக்கம்வரை வந்திருந்தது. சுடுகிற இரும்பில் பட்டுப் பொரிந்தது. எஞ்சினுக்குக் காயலான் கடைச் சுவர் ஞாபகம் வந்தது. அந்த அசையாத நாட்கள் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தன. வாழ்நாளெல்லாம் அது பயந்த ஒரே காரியத்தை இப்போது அதுவாகவே செய்ய வேண்டும், மேலே உட்கார்ந்திருப்பவள் ஓடு ஓடு என்று மிதித்துக்கொண்டிருக்கும்போதே.

எஞ்சின் தன் தொண்டையை இறுக்கிக்கொண்டது. இரண்டு முறை இருமியது. பிறகு நின்றது.

திடீரென்று காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயக்கனி சாவியைத் திருகினாள். எஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. மறுபடி திருகினாள்.

"விடுக்கா. சூடாயிருச்சு. ஆறட்டும்" என்றான் தேவஇரக்கம்.

அவள் சாவியை விட்டுவிட்டாள். பிறகு இறங்கிப் பின்னால் போய், இடப்பக்கத்து டயரைச் சுற்றி மண்ணைக் கையால் வாரினாள். வார வார மண் சரிந்து வந்தது.

டயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "நீ எதுக்கு நின்ன?" என்று எஞ்சினைக் கேட்டது.

"நான் ஓட ஓட நாம புதைஞ்சோம்."

"என்னை இன்னும் வேகமாச் சுத்தியிருந்தா..."

"சுத்தினேனே. நீ மண்ணை வெட்டிக்கிட்டுக் கீழே போன. கல்லு வேற என்ன செய்யும்?"

டயருக்குச் சுருக்கென்றது.  தனக்குள்ளே விறைத்துக் கிடக்கும் காற்றை நினைத்தது. அந்த விறைப்புதான் மண்ணைக் கத்திபோல வெட்டியது என்று அதற்கும் தெரிந்தே இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. வேலியோரம் காற்றிறங்கிக் கிடந்த நாட்கள் அப்படி.

"கொஞ்சம் விட்டா நிக்குமா, இல்லை மொத்தமும் போயிருமா?" என்று கேட்டது.

"தெரியலை" என்றது எஞ்சின். "எனக்கும் தெரியாமத்தான் நின்னேன்."

ஜெயக்கனியின் கை வால்வின் மேல் உரசியது. டயர் கண்ணை மூடிக்கொண்டு அந்த உரசலுக்கு வழிவிட்டது. உஸ் என்று சத்தம் வந்தது.

தேவஇரக்கம் பதறி ஓடிவந்தான். "காத்து எறங்குதுக்கா. அதும் போச்சா." வால்வின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினான்.

அவள் அவன் விரலைப் பார்க்கவில்லை. டயரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரம் மண்ணைக் குத்திக்கொண்டு நின்ற டயர், அந்தக் கொஞ்சக் காற்று போனதிலேயே, கல்லில் ஊற்றிய தோசைமாவு போல விளிம்பு பரந்து மண்மேல் உட்கார்ந்திருந்தது.

"கைய எடு" என்றாள்.

"என்னது?"

"கைய எடுல. போகட்டும்."

"கால் பம்புகூடக் கொண்டு வரலக்கா. காத்து மொத்தமும் போச்சுன்னா இங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

"இப்பவும் இங்கனதான கெடக்கோம்?"

அவன் விரலை எடுத்தான். அவள் ஒரு சுள்ளியால் வால்வை அமுக்கிப் பிடித்தாள். காற்றை விட விட, டயரின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். டயர் ஒவ்வொரு மூச்சாக விட்டது. ஒவ்வொன்றும் கடைசி மூச்சு என்று நினைத்து விட்டது. பாதியில் அவள் சுள்ளியை எடுத்தாள். சத்தம் நின்றது. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதையே செய்தாள். சிவந்த மணல் அவள் புருவத்தில், உதட்டில், நகக்கண்ணில் எல்லாம் அப்பியிருந்தது. இருவருமாகக் குழாயின் வயிற்றுக்கடியில் கிடந்த மண்ணைத் தோண்டி வெளியே தள்ளினார்கள். மேட்டடிக்கு இறங்கிப்போய், முள் அடர்ந்த உடைமரக் கிளைகளை ஒடித்துவந்து சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார்கள். முள் கிழித்து இருவர் கையிலும் ரத்தம்.

"நான் பின்னால தள்ளுதேன். ஏறிட்டா எனக்காவ நிக்காத" என்றான் தம்பி.

அவள் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அலறத்தான் அதற்கு வாய் வந்தது. ஆனால் இம்முறை அவளுடைய கால் மிதியின் மேல் பூப்போல இருந்தது. எஞ்சினும் தன்னை அடக்கிக்கொண்டது. அந்த அடக்கம் அதற்கு ஓட்டத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. உள்ளே ஒவ்வொரு பகுதியும் துடித்தது.

டயர் மெதுவாக ஒரு அங்குலம் உருண்டது. மண்ணை வெட்டவில்லை. மண்ணின் மேல் படுத்து, எழுந்து, படுத்து, எழுந்து போனது. முள்கிளை நொறுங்கியது. குழாய் முனகியது. வண்டி குழியின் விளிம்பைத் தாண்டியது.

"போவுதுக்கா" என்று தேவஇரக்கம் பின்னாலிருந்து சொன்னான். அதற்குப் பிறகு அவன் குரல் தூரமாகிக்கொண்டே வந்தது. அவள் நிற்கவில்லை. நின்றால் மறுபடி புதையும். மேடு முடிகிற இடம்வரை அதே மிதியில், அதே மூச்சில், நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம்தான் வேகமாக வண்டி ஏறியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தம்பி பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

உச்சியில், மறுபக்கச் சரிவைப் பார்க்க வண்டியை நிறுத்தி, ஜெயக்கனி எஞ்சினை அணைத்தாள். எஞ்சின் பயந்தது. பயந்துகொண்டே நின்றது.

அங்கிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் தேரி. மேட்டுக்குப் பின்னால் மேடு, எல்லாமே காற்றில் புகைந்துகொண்டு. கழுத்துவரை புதைந்த பனைமரங்கள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கிழக்கே வெகுதூரத்தில், தடவிவிட்டதுபோல ஒரு நீலக் கோடாகக் கடல். கீழே அவர்கள் புதைந்து கிடந்த குழி இருந்த இடம் தெரியவில்லை.

"இடைவேளை" என்று நாற்காலிகள் இரண்டும் ஒரே குரலில் கூறின.

தேவஇரக்கம் வந்து சேர்ந்து மணலில் மல்லாந்து விழுந்தான். மூச்சு அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு வண்டிக்குள் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டான். அவன் வீட்டுக்குப் போவோம் என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்த ஜெயக்கனி, திரும்பி அவனைப் பார்த்தாள்.

"செத்துட்டியா?" என்று எஞ்சின் டயரிடம் கேட்டது.

"இல்லை" என்றது டயர். அதன் குரல் தணிந்திருந்தது. "பாதி இருக்கேன். பாதி போதும்போல இருக்கு. நீ?"

"எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளலை."

"அது உனக்குப் போகாது" என்றது குழாய்.

ஜெயக்கனி சாவியில் கை வைத்தாள். எஞ்சின் மூச்சை இழுத்துக்கொண்டது. உள்ளே அதே துடிப்பு, அதே பதற்றம். ஆனால் பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேட்காத ஒன்றை அன்றைக்குத்தான் அது கேட்டது.

"எந்தப் பக்கம்?"